கெட்டிக்காரத்தனத்துக்கு நாற்பத்தொரு அட்டைகள்

அந்த அகராதி அலுவலகத்தின் அட்டை அறைக்குள் பேனா கூடாது. கதவில் பலகையே மாட்டியிருந்தார்கள். ஒரு சொட்டு மை சிந்தினால் ஒரு சொல்லே பாழ் என்பது காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் நியாயமான காரணங்களெல்லாம் ஏனோ கீழே இருப்பவர் தலையில்தான் வந்து விடிகின்றன. ஆசிரியர்களுக்கு மாடியில் தனித்தனி அறை, தனித்தனி மேசை, விதவிதமான பேனா. அட்டை அறையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பவள் ஒருத்திதான். பத்தொன்பது வருடமாக அவளுக்குப் பென்சிலும் ரப்பரும் மட்டுமே.

அவளை எல்லோரும் அட்டைக்காரி என்றார்கள். முகத்துக்கு நேரே ஓர் 'அம்மா' சேர்ந்துகொள்ளும். இருபத்து நான்கு வயதில் அங்கே தரை கூட்டத்தான் வந்தாள். வந்த மூன்றாம் மாதம் ஓர் இழுப்பறை கழன்று முந்நூறு அட்டைகள் தரையில் கொட்டின. அடுக்குகிறவர் அன்று விடுப்பு. இவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, பள்ளியில் படித்த ஏ, பி, சி, டியை வைத்துக்கொண்டே முந்நூறையும் மதியத்துக்குள் வரிசையாக அடுக்கிவிட்டாள். ஒன்றுகூட இடம் மாறவில்லை. அப்போதைய மேலாளர் சரிபார்த்துவிட்டு, "பலே கெட்டிக்காரிதான் நீ. இனிமே கூட்டறதோட இதையும் பாத்துக்கோ" என்றார். பாராட்டு என்பது பாதி நேரம் கூடுதல் வேலையின் செல்லப்பெயர் என்று அன்றைக்கே அவளுக்குப் புரிந்துபோயிற்று.

அங்கே தயாராகிக்கொண்டிருந்தது ஒரு பெரிய அகராதி. லத்தீன் என்ற தாய்க்குப் பிறந்த மகள்கள் பிரெஞ்சு, இத்தாலியன், ஸ்பானிஷ், போர்த்துகீஸ், ருமேனியன். ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு இந்த மகள்கள் ஒவ்வொருத்தியும் என்ன சொல் வைத்திருக்கிறாள், அதைத் தாய் வீட்டிலிருந்து எப்படிக் கொண்டுபோனாள் என்று தமிழில் சொல்லும் புத்தகம். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. ஆசிரியர்கள் முதலில் அட்டை அறையில் உட்கார்ந்து பென்சிலால் எழுதுவார்கள். பிறகு மாடிக்குக் கொண்டுபோய் அதன் மேலேயே மையால் எழுதி, வலது மூலையில் தன் பெயரின் முதல் எழுத்தைப் போடுவார்கள். அந்த மூலை எழுத்தை வைத்துத்தான் புத்தகத்தின் முன்பக்கத்தில் ஆக்கியோர் பட்டியல் அச்சாகும். மூலையில் எழுத்து இல்லாதவர் அந்தப் புத்தகத்துக்கு யாருமில்லை.

அச்சுக்குப் போகும் முன் அட்டையில் பென்சில் கோடு எதுவும் தெரியக் கூடாது. ரப்பர் போட்டுச் சுத்தம் செய்வது அட்டைக்காரியின் வேலை.

பத்தொன்பது வருடம் ஒரு வேலையைச் செய்துகொண்டு அதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ளாமல் இருக்கச் சிலருக்குத் திறமை உண்டு. அவளுக்கு இல்லை. அலுவலகம் கழித்துப்போட்ட இலக்கணப் புத்தகங்களைக் கேட்டு வாங்கினாள். மேலட்டை பிய்ந்துபோன லத்தீன் நூலைத் தைத்து வைத்துக்கொண்டாள். சாப்பாட்டு இடைவேளையில் ஒரு கை டப்பாவில் இருக்க, மறு கை பக்கம் புரட்டும். ஆறேழு வருடத்தில், ஆசிரியர்கள் எழுதிய அட்டைகளில் தப்பு கண்ணில் பட ஆரம்பித்தது. ஓரத்தில் பென்சிலால் திருத்தம் குறிப்பாள். அவர்கள் மாடியில் அதை மையாக்கிக்கொள்வார்கள். அட்டை திரும்பி வரும். அவள் ரப்பர் போடுவாள். யோசித்துப் பார்த்தால், தன் எழுத்தைத் தானே அழிக்க அவளைத்தான் வேலைக்கு வைத்திருந்தார்கள். அப்போதெல்லாம் அவள் அப்படி யோசிக்கவில்லை.

யோசிக்க வைத்தது நான்காம் தொகுதி. அதில் 'கெட்டிக்காரத்தனம்' என்ற பகுதி துணையாசிரியர் பொறுப்பில் வந்தது. அவர் நல்ல பேச்சாளர். வாரத்துக்கு மூன்று கூட்டம். பேச்சைக் கேட்டுவிட்டு வந்தவர்கள் என்ன பேசினார் என்று சொல்ல மாட்டார்கள், எப்படிப் பேசினார் என்றுதான் சொல்வார்கள். ஒருநாள் அட்டை அறைக்கு இறங்கி வந்து, "அம்மா, எனக்கு இந்த மாசம் மூச்சு விட நேரமில்ல. நீங்களே கொஞ்சம் சேத்து வைங்களேன். உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

அவளுக்குத் தெரியாதது இல்லை என்று அந்த அலுவலகத்தில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்காகவே எட்டு மாதம் உழைத்தாள் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. மனுஷிதானே.

அந்த எட்டு மாதமும் அவளுக்கு ஒரே கோபமும் சந்தோஷமுமாக இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கெட்டிக்காரனை 'மலேங்' என்கிறார்கள். அதன் வேர் லத்தீனில் 'மலிக்னுஸ்', பொல்லாதவன். அந்தச் சொல்லையே சாத்தானுக்கும் வைத்திருக்கிறார்கள். அன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக இதை நாத்தனாரிடம் சொன்னாள். கணவனின் அக்கா அவள். தன் கணவனை இழந்த பிறகு இவர்களோடு இருக்கிறாள். வாய் கொஞ்சம் நீளம்.

"அக்கா, கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து நீங்க என்னைக் கைகாரி கைகாரின்னு சொல்றீங்களே, அங்கேயும் அதே கதைதான். பிழைக்கத் தெரிஞ்சவனப் பொல்லாதவன்னு வெச்சிருக்காங்க."

"நான் மட்டும் சும்மாவா சொன்னேன்?" என்றாள் நாத்தனார், பாத்திரத்தைக் கவிழ்த்தபடி. "வீட்டு ஓனர் ஒரு மாசத்துல ஒழுகற கூரையை மாத்துறேன்னு எழுதிக் கொடுத்தாரே, அது யாரால? கைகாரிதான் நீ."

"அது கெட்டிக்காரத்தனம் இல்லையா?"

"ஆம்பளை செஞ்சிருந்தா அப்படித்தான் சொல்லியிருப்பேன்" என்றாள் நாத்தனார், கொஞ்சமும் வெட்கப்படாமல்.

போர்த்துகீஸ்காரரின் 'எஷ்பெர்த்து'வும் ருமேனியரின் 'தெஷ்தெப்த்'தும் கிளம்பியது தூக்கம் கலைவதிலிருந்து. விழித்துக்கொண்டவன் அங்கே கெட்டிக்காரன். ஸ்பானிஷ் 'சகாஸ்' லத்தீனில் மோப்பம் நன்றாகப் பிடிப்பதைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. இத்தாலியரின் 'ஃபுர்போ'வை நான்கு நாள் துரத்திவிட்டு, "இது லத்தீன் வீட்டுப் பிள்ளை இல்லை, பக்கத்து வீட்டிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது" என்று தனியே எடுத்து வைத்தாள். ஸ்பானிஷ் 'லிஸ்தோ'வுக்கு ஆளுக்கொரு வேர் சொன்னார்கள். 'வேர் உறுதியில்லை' என்று எழுதினாள். தெரியாததைத் தெரியாது என்று எழுதும்போது அவளுக்கு ஒரு நிமிர்வு வந்தது.

அவள் மிகவும் நேசித்தவை இரண்டு. ஒன்று பிரெஞ்சு 'ரூசே', தந்திரசாலி. அதன் வேர் 'ரெகுசாரே', மறுப்பது. வேட்டை நாய்கள் துரத்தும்போது மான் நேராக ஓட மறுத்து, விலகி, வந்த தடத்திலேயே திரும்பிப் போக்குக் காட்டுமாம். அப்படி மறுத்த மிருகம் தப்பித்தது. மறுத்தது தந்திரமாயிற்று. துரத்துகிறவன் கண்ணுக்கு அது தந்திரம். மானைக் கேட்டால் வேறு பெயர் சொல்லியிருக்கும்.

இன்னொன்று தாயின் சொல்லே, 'காலிதுஸ்'. உழைத்து உழைத்துக் கை காய்த்துப்போவதைச் சொல்லும் சொல்லுக்கு உடன்பிறந்தது. தோல் தடிக்கத் தடிக்க விவரம் தெரிந்தவன். அந்த அட்டையை எழுதிவிட்டுத் தன் வலது கையைப் பார்த்தாள். நடுவிரலில் பென்சில் அழுத்திய காய்ப்பு. உள்ளங்கையில் அதைவிடப் பழைய காய்ப்பு, துடைப்பத்தினுடையது. சரிதான், லத்தீன்காரனுக்கு நம்மைத் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துத்தான் கணவன் போனில் கூப்பிட்டான். லிப்ட் மெக்கானிக் அவன். சிவப்பு ஒயரும் பழுப்பு ஒயரும் ஒன்றாகத் தெரிய ஆரம்பித்துவிட்டதாம். கைக்குக் கிடைத்த இடத்தில், அந்த அட்டையின் கீழேயே, மறந்துபோகாமலிருக்க ஒரு வரி குறித்து வைத்தாள். பென்சில்தானே. ரப்பர் இருக்கிறது.

நாற்பத்தொரு அட்டைகள். கட்டி மாடிக்கு அனுப்பிவிட்டுப் பத்து நாள் காத்திருந்தாள். துணையாசிரியர் கூப்பிட்டுப் பேசுவார், சந்தேகம் கேட்பார், கடைசியில், "மூலையில உங்க எழுத்தைப் போட்டுடலாமா அம்மா?" என்று கேட்பார் என்று எதிர்பார்த்தாள். எதிர்பார்ப்புக்கு வாடகையா கொடுக்கிறோம்.

பதினோராம் நாள் காலை கட்டு திரும்பி வந்தது. அட்டைகள் எல்லாம் நீல மையில் இருந்தன. ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பார்களே, அதுதான். அவளுடைய எழுத்தின் மேலேயே மை ஓடியிருந்தது. அவள் போடும் வால் நீண்ட 'ழ' அப்படியே இருந்தது. வலது மூலையில், நாற்பத்தொன்றிலும், துணையாசிரியரின் எழுத்து. மேலே ஒரு துண்டுச் சீட்டு: "அம்மா, ரப்பர் போட்டு வைக்கவும். அவசரம்."

அவள் ரப்பரை எடுக்கவும் செய்தாள். பழக்கம். முதல் அட்டையின் மேல் அதை வைத்த பிறகுதான் கை நின்றது. ரப்பருக்கு அடியில் இருந்தது எட்டு மாதம். அழித்துவிட்டால் அவள் அங்கே இருந்ததற்கு ஒரு கோடு மிச்சமிருக்காது. அழிக்கப்போகிற கையும் அவளுடையது.

ரப்பரைக் கீழே வைத்தாள். ஒவ்வொரு அட்டையாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் 'காலிதுஸ்' வந்ததும் அப்படியே நின்றாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். அதில் பாதி அழுகை என்பது அவளுக்கும் தெரியும்.

அன்று மதியம் துணையாசிரியர் இறங்கி வந்தார்.

"ரப்பர் போட்டாச்சா?"

"இல்ல சார். போடப் போறதில்ல."

அவர் முகத்தில் வராத அக்கறை எல்லாம் வந்தது. "உடம்பு சரியில்லையா? வேணும்னா நாளைக்குப் பண்ணுங்க." ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத மாதிரி.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. மூலையில என் எழுத்து வரட்டும். அப்பறம் போடறேன்."

"உங்க எழுத்தா? நீங்க அடுக்குறவங்கம்மா. எழுதறது நாங்க. நான் சொன்னேன், நீங்க எடுத்து வெச்சீங்க. அவ்வளவுதானே?" அவள் அவரையே பார்த்தாள். அக்கறை கழன்று விழுந்தது. "ரொம்பக் கெட்டிக்காரத்தனம் காட்டாதீங்க. அச்சகத்துக்காரங்க காத்துட்டிருக்காங்க. நாளைக்கு டைரக்டர் மேடம்கிட்ட பேசிக்கலாம். வேலை இருக்குமா இருக்காதான்னு அங்க தெரியும்."

நாற்பத்தொரு அட்டையும் கெட்டிக்காரத்தனம் பற்றியதுதான். கடைசியில் அதையே காட்டாதே என்கிறார் என்று நினைத்தபோது அவளுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். கணவன் புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இதுல யோசிக்க என்ன இருக்கு? அந்தக் காலி அட்டைய எடுத்து மேடம் முன்னாடி போடு. ஆள் குளோஸ்" என்றான்.

"காலி இல்லீங்க, காலிதுஸ்."

"என்னவோ ஒண்ணு. ஈயடிச்சான் காப்பின்னு ஒரே நிமிஷத்துல தெரிஞ்சிடுமே."

"தெரியும். ஆனா அவர் முட்டாள்னு ஆனா நான் கெட்டிக்காரின்னு ஆயிடுமா? நாற்பது அட்டை ஒழுங்கா இருக்கு. அதுக்கு என்ன பதில்? எனக்கு அவர் மானம் வேண்டாம். என் எழுத்துதான் வேணும்."

"வேலை போச்சுன்னா?"

பயமாகத்தான் இருந்தது. நாற்பத்து மூன்று வயதில் இன்னோர் இடத்துக்குப் போய்த் துடைப்பத்திலிருந்து ஆரம்பிப்பதை நினைத்தாள். மறுபடியும் முந்நூறு அட்டைகள் யாருக்காகக் கொட்டப் போகின்றன?

உள்ளேயிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. "போனா போகட்டும்டா. இவ கையில துடைப்பத்தைக் கொடுத்தாலும் பத்து வருஷத்துல அந்த ஆபீஸ் முழுக்க இவதான் இருப்பா." பிறகு வெளியே வந்து, அட்டைக்காரியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "நாளைக்கு அங்க போய்ப் பல்லைக் காட்டிட்டு வந்தியோ, இந்த வீட்டுல உன்னைக் கைகாரின்னு ஒருத்தியும் கூப்பிட மாட்டா."

பதினெட்டு வருடத்தில் நாத்தனார் அவளுக்குக் கொடுத்த முதல் மரியாதை அது.

மறுநாள் டைரக்டர் அறை. டைரக்டர் அறுபதை எட்டிய அம்மாள். இந்த அகராதியை முடித்துவிட்டுத்தான் ஓய்வு என்று மூன்று தடவை ஓய்வைத் தள்ளிப்போட்டவர். நல்லவர்தான், ஆனால் அவசரக்காரர். நாற்பத்தொரு அட்டையும் அவர் மேசையில் இருந்தன. ரப்பரை அட்டைக்காரி கையிலேயே வைத்திருந்தாள்.

"ஏம்மா, பத்தொம்போது வருஷமா ஒரு புகார் இல்ல உங்க மேல. இப்ப என்ன பிடிவாதம்? அழிச்சிட்டு வாங்க. மத்தத அப்பறம் பேசலாம்."

"அழிச்சப்பறம் பேச என்ன மேடம் இருக்கும்?"

டைரக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"மாட்டேன் மேடம்" என்றாள் அவள். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "எட்டு மாசம் நான் எழுதினது. அடியில இருக்கற பென்சில் என்னுது. வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா தெரியும்."

"பென்சில் யார் வேணும்னாலும் பிடிக்கலாம் மேடம்" என்றார் துணையாசிரியர். "நான் சொல்லச் சொல்ல எழுதியிருப்பாங்க."

டைரக்டர் மேலாக இருந்த அட்டையை எடுத்தார். "சரி. இந்த ரூசே. தந்திரசாலிக்கு மறுப்புன்னு வேர் போட்டிருக்கு. ஏன்?"

"அதாவது மேடம்..." துணையாசிரியர் தொண்டையைச் செருமினார். "மறுப்பு என்பது ஒரு ஆழமான மனித உணர்வு. அதுலேர்ந்துதான் அறிவே பிறக்குது..." கூட்டத்தில் என்றால் கைதட்டியிருப்பார்கள்.

டைரக்டர் அட்டைக்காரி பக்கம் திரும்பினார். அவள் மானையும் நாயையும் சொன்னாள். எந்தப் புத்தகத்தில் இருக்கிறது, அது எந்தத் தட்டில் இருக்கிறது என்று சொன்னாள். அறை அமைதியாகிவிட்டது. துணையாசிரியருக்கு அந்த அமைதி பொறுக்கவில்லை. பேச்சுக்காரர்களுக்குப் பொறுக்காது.

"ஒண்ணு ரெண்டு மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்காங்க மேடம். மத்ததெல்லாம் என் உழைப்பு. பாருங்க, நானே படிக்கறேன்" என்று கட்டின் நடுவிலிருந்து ஒன்றை உருவினார். அட்டைக்காரிக்கு அது எது என்று தூரத்திலேயே தெரிந்தது. முனை மடங்கியிருந்தது அது ஒன்றுதான்.

"சார், அது வேண்டாம். வேற எடுங்க."

"ஏன், இது உங்களுக்கு மனப்பாடம் இல்லையா?" என்று சிரித்துவிட்டு, நுணலும் தன் வாயால் கெடும் என்பதற்கு இலக்கணமாக, மேடைக் குரலில் ஆரம்பித்தார்: "காலிதுஸ். கெட்டிக்காரன், அனுபவசாலி. கை காய்த்தல் என்னும் பொருளுடைய சொல்லுக்கு உறவு. பழகப் பழகத் தோல் தடித்தவன். புதன் சாயங்காலம் அவருக்குக் கண்ணாடி, பவர் ஏறிடுச்சு..."

நின்றார். மறுபடி கண்ணால் படித்தார். அவருடைய மைதான். அவருடைய மூலை எழுத்துதான்.

டைரக்டர் கையை நீட்டி அட்டையை வாங்கினார். படித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். ஜன்னல் பக்கம் திரும்பிச் சற்று நேரம் தோள் குலுங்க நின்றுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"யாருக்குக் கண்ணாடி?"

"என் வீட்டுக்காரருக்கு மேடம். வாங்கிட்டோம்."

டைரக்டர் துணையாசிரியரைப் பார்க்கவில்லை. பார்க்காததே போதுமாக இருந்தது. பிறகு பெருமூச்சு விட்டு, "சரிம்மா. தப்பு நடந்துபோச்சு. ஆனா அடுக்கறவங்க பேரு பட்டியல்ல வர்ற வழக்கம் இல்ல. முன்னுரையில ஒரு வரி போட்டுடறேன். 'அட்டை அறை ஊழியருக்கு நன்றி'ன்னு. சரியா?"

நேற்றுவரை அந்த ஒரு வரிக்கு அவள் கும்பிடு போட்டிருப்பாள். இப்போது அது பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது.

"நன்றி வேண்டாம் மேடம். நான் யாருக்கும் உதவி பண்ணல. எழுதினேன்."

மேசையில் டைரக்டரின் பேனா மூடி திறந்தே கிடந்தது. அட்டைக்காரி அதை எடுத்தாள். ரப்பரைப் பேனா இருந்த இடத்தில் வைத்தாள். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த அறையில் அவள் உட்கார்ந்ததும் அதுதான் முதல் தடவை.

"பேனாவை வைங்க!" என்றார் துணையாசிரியர். "ரூல் தெரியாதா?"

"போர்டு கீழ இருக்கு சார். இங்க இல்லையே."

ரூசே அட்டையை எடுத்தாள். துணையாசிரியரின் எழுத்தை அடிக்கவில்லை. மை அவருடையதுதானே, இருந்துவிட்டுப் போகட்டும். அதற்கு மேலே தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டாள். பேனா பழக்கமில்லாததால் அந்த அட்டையில் எழுத்து கொஞ்சம் தடித்துவிட்டது. இரண்டாவது அட்டையில் ஒழுங்காக வந்தது. மலேங். எஷ்பெர்த்து. சகாஸ். ஒவ்வொன்றாக எழுதி, ஊதி, பக்கத்தில் வைத்தாள். யாரும் தடுக்கவில்லை. இந்த அட்டைகள் வேண்டாமென்றால் நாற்பத்தொன்றையும் புதிதாக எழுத வேண்டும். அந்தக் கட்டடத்தில் அதை எழுதத் தெரிந்தவள் யார் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

பத்தாவது அட்டையின்போது டைரக்டர் இழுப்பறையைத் திறந்து, மை ஒற்றும் தாளை எடுத்து, அவள் பக்கம் தள்ளினார்.

காலிதுஸைக் கடைசிக்கு வைத்திருந்தாள். கண்ணாடி வரியின் மேல் ஒரு கோடு இழுத்தாள். மூலையில் எழுத்தைப் போட்டாள். ஒற்றினாள். பேனாவை மூடி வைத்தாள்.

"இப்பவாவது ரப்பர் போடுவீங்களா?" என்று கேட்டார் டைரக்டர்.

"தாராளமா மேடம்" என்று ரப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள் அட்டைக்காரி. "இனிமே இதுல அழியற மாதிரி என்னுது எதுவும் இல்ல."